காலம் தவறும் துடிப்பு



தமிழ் அக இலக்கியத்தில் 'நெஞ்சொடு கிளத்தல்' என்றொரு மரபு உண்டு. திருக்குறளில் அப்பெயரிலேயே ஓர் அதிகாரம் அமைந்துள்ளது. தலைவி தன் நெஞ்சை எதிரில் நிறுத்தி முறையிடுவாள். நெஞ்சு மறுமொழி கூறுவதில்லை. ஆயினும் நெஞ்சுக்கும் ஒரு மொழி உண்டு. அது மின்சாரத்தின் மொழி. அம்மொழியைத் தாளில் எழுதிக் காட்டும் கருவியே இ.சி.ஜி. எனப்படும் இதய மின்வரைபடக் கருவி. இதயம் தளர்ந்த ஒருவருக்கு அந்தத் தாள் என்ன கூறுகிறது, துடிப்பைச் சீர்செய்யும் கருவியைப் பொருத்தியபின் அம்மொழி எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தைப் பற்றிய ஆய்வில் மதுரை மண்ணுக்குள்ள பங்கு யாது என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

கொட்டாம்பட்டியிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் அறுபதைக் கடந்தோர் சிலர் நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குவதாகக் கூறுவர். மாலையில் கணுக்கால் வீங்கும். விரலால் அழுத்தினால் குழி விழும். இரவில் மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். இரண்டு தலையணை வேண்டியிருக்கும். வீட்டார் இதனை 'வயதாகிவிட்டது' என்ற ஒரே சொல்லால் கடந்துவிடுவர். பெண்களோ அதனையும் பிறரிடம் கூறாமல் அடுப்படி வேலையைத் தொடர்வர். மருத்துவர்கள் இந்நிலையை இதயச் செயலிழப்பு என்கின்றனர். இச்சொல் அச்சமூட்டுவது, இதயம் நின்றுவிட்டது எனப் பொருள்படுவது போலத் தோன்றுவது. உண்மையில் இதயம் நிற்கவில்லை. உடலுக்கு வேண்டிய அளவு குருதியை வெளியேற்ற அதற்கு வலிமை போதவில்லை, அவ்வளவே. ஆதலின் 'இதயத் தளர்ச்சி' என்பது பொருந்தும்.

இத்தளர்ச்சிக்குக் காரணங்கள் பல. மாரடைப்பால் தசை மடிவது ஒன்று. நெடுநாள் கட்டுப்படாத இரத்த அழுத்தம் ஒன்று. வால்வுப் பழுது மற்றொன்று. இவை யாவும் தசையிலும் குழாயிலும் கதவிலும் நேரும் குறைகள். இவற்றோடு சேர்ந்தோ, சிலரிடம் தனித்தோ, வேறொரு குறையும் உண்டு. அது தசையின் வலிமையைப் பற்றியதன்று. தசைகள் இயங்கும் நேரத்தைப் பற்றியது.

இதயத்தின் வலது மேலறையின் உச்சியில் சைனஸ் முடிச்சு என்னும் சிறு பகுதி உள்ளது. துடிப்பு அங்கே பிறக்கிறது. நிமிடத்திற்கு 72 முறை எனக் கொண்டால் நாளொன்றுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட துடிப்புகள். அந்த மின்குறிப்பு மேலறைகளைக் கடந்து நடுவிலுள்ள மற்றொரு முடிச்சை அடைந்து சற்றே தாமதிக்கிறது. மேலறைகள் தம் குருதியைக் கீழறைகளுக்கு முழுதும் தள்ளிவிட இத்தாமதம் வேண்டும். பின்னர் அது ஹிஸ் கற்றை வழியே இறங்கி, வலக் கிளை, இடக் கிளை எனப் பிரிந்து, பர்கின்ஜி இழைகள் மூலம் இரு கீழறைகளின் தசையெங்கும் பரவுகிறது. இரு கீழறைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுருங்குகின்றன.

இவ்வழியைக் கண்டறிந்தவர்கள் பல நாட்டினர். 1893இல் வில்ஹெல்ம் ஹிஸ் கற்றையை விளக்கினார். ஜப்பானைச் சேர்ந்த சுனாவோ தவாரா ஜெர்மனியில் பயின்று 1906இல் நடு முடிச்சையும் கிளைகளையும் ஒரே தொடராகக் காட்டினார். மறு ஆண்டில் இங்கிலாந்தில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் ஆகிய இருவரும் சைனஸ் முடிச்சைக் கண்டனர். இம்மின்னோட்டத்தைத் தெளிவாகப் பதிவு செய்தவர் ஹாலந்தின் லைடன் நகரப் பேராசிரியர் வில்லெம் ஐந்தோவன். அவர் ஜாவாத் தீவின் செமராங் நகரில் பிறந்தவர். அவருடைய முதற்கருவி ஏறக்குறைய 270 கிலோ எடையுள்ளது. அதனை இயக்க ஐவர் தேவைப்பட்டனர். நோயாளி தம் கைகளையும் ஒரு காலையும் உப்புநீர்க் கலங்களில் வைத்திருக்க வேண்டும். 1924ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. அன்று ஓர் அறையை நிறைத்த அக்கருவி இன்று கைப்பெட்டியளவாகச் சுருங்கி ஊர்தோறும் வந்துவிட்டது.

இ.சி.ஜி. தாள் சிறு கட்டங்களால் ஆனது. தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்வதால், ஒரு மில்லிமீட்டர் கட்டம் ஒன்று 40 மில்லிநொடியைக் குறிக்கும். அதில் ஓங்கி நிற்கும் கூர்மையான அலைக்குக் க்யூ.ஆர்.எஸ். என்று பெயர். கீழறைகள் முழுதும் மின்குறிப்பு பரவ எடுத்துக்கொள்ளும் நேரமே அவ்வலையின் அகலம். இயல்பான இதயத்தில் அது மூன்று சிறு கட்டங்களுக்கு, அதாவது 120 மில்லிநொடிக்குக் குறைவாகவே இருக்கும். சிலருக்கு அது நான்கு கட்டங்களைத் தொடுகிறது. சிலருக்கு ஐந்தையும் எட்டுகிறது. கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் வேறுபாடுதான். இதயத்திற்கு அது பெரும் வேறுபாடு.

இதனை விளங்கிக்கொள்ளக் கொட்டாம்பட்டியின் நெடுஞ்சாலையே போதும். திருச்சியிலிருந்து வரும் வண்டி துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, மேலூர் என நான்குவழிச் சாலையில் விரைந்து மதுரையை அடைகிறது. கொட்டாம்பட்டி அருகே ஒரு பெருமரம் சாய்ந்து சாலையை மறித்ததாகக் கொள்வோம். வண்டிகள் ஊருக்குள் இறங்கி, வண்டிப்பாதையிலும் கண்மாய்க் கரையிலும் ஊர்ந்து செல்ல வேண்டியதுதான். மதுரையை அடையும், ஆனால் காலம் தவறி அடையும். இதயத்தின் இடக் கிளை அடைபடும்போது நிகழ்வது இதுவே. பர்கின்ஜி இழைகளில் நொடிக்கு இரண்டு முதல் நான்கு மீட்டர் வரை செல்லும் மின்குறிப்பு, தசைக்குத் தசை தாவிச் செல்லும்போது நொடிக்கு ஒரு மீட்டரைக்கூட எட்டுவதில்லை.

அதனால் விளைவது என்ன? இரு கீழறைகளுக்கும் இடையிலுள்ள சுவர் முதலிற் சுருங்கிவிடுகிறது. இடக் கீழறையின் வெளிச்சுவர் அப்போதுதான் செய்தி கேட்டு எழுகிறது. முன்னது தளரும் நேரத்தில் பின்னது சுருங்குகிறது. தேர்வடத்தின் ஒரு பக்கத்தார் இழுக்கும்போது மறுபக்கத்தார் நின்று, இவர்கள் ஓயும்போது அவர்கள் இழுத்தால் தேர் எவ்வாறு நகரும்? இழுப்போர் வலிமைக்குக் குறைவில்லை, ஒற்றுமைக்கே குறைவு. குருதி வெளியேறாமல் அறைக்குள்ளேயே இங்குமங்கும் அலைகிறது. வால்வும் சரிவர மூடாமல் குருதி பின்னோக்கிக் கசிகிறது. நாளடைவில் இதயம் பருத்துத் தளர்கிறது.

இதயத்துக்கு வெளியிலிருந்து துடிப்பூட்டும் எண்ணம் புதியதன்று. 1958 அக்டோபர் 8ஆம் நாள், சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில் ஆர்னே லார்சன் என்பவரின் உடலுக்குள் முதன்முதலாகப் பேஸ்மேக்கர் பொருத்தப்பெற்றது. கருவியை அமைத்தவர் பொறியாளர் ரூனே எல்ம்குவிஸ்ட். பொருத்தியவர் அறுவை மருத்துவர் ஓகே சென்னிங். முதற்கருவி சில மணி நேரமே இயங்கியது. எனினும் லார்சன் அதன்பின் 43 ஆண்டுகள் வாழ்ந்து, 2001இல் 86ஆம் வயதில் வேறொரு நோயால் மறைந்தார். இடையில் அவருக்கு இருபதுக்கும் மேற்பட்ட கருவிகள் மாற்றப்பெற்றன.

அக்கருவிகள் மெதுவாகத் துடிக்கும் இதயத்தை உரிய வேகத்தில் துடிக்கச் செய்தன, உயிர் காத்தன. ஆனால் வலக் கீழறையின் நுனியில் ஒரே இடத்தில் துடிப்பூட்டினால், மின்குறிப்பு அங்கும் சாலையை விட்டு வண்டிப்பாதையிலேயே செல்கிறது. க்யூ.ஆர்.எஸ். அலை அகன்றுவிடுகிறது. பலருக்கு இதனால் தீங்கில்லை. ஆனால் ஏற்கெனவே இதயம் தளர்ந்தோர்க்கு, தேவையின்றி வலக் கீழறையை ஓயாது தூண்டுவது நலமன்று என்பதை 2002இல் வெளியான டேவிட் என்னும் ஆய்வு உணர்த்தியது. துடிப்பின் எண்ணிக்கை மட்டும் போதாது, துடிப்பு பரவும் முறையும் வேண்டும் என்ற தெளிவு இவ்வாறு பிறந்தது.

அத்தெளிவின் முதற்பயனை 1994இல் பிரான்சில் காண்கிறோம். செர்ஜ் காசோ என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் கடுமையான இதயத் தளர்ச்சியுற்ற 54 வயது மனிதர் ஒருவருக்கு, இதயத்தின் நான்கு அறைகளையும் முறைப்படுத்தித் துடிப்பூட்டினர். ஆறு வாரங்களில் அவர் உடலில் தேங்கியிருந்த நீர் வடிந்து 17 கிலோ எடை குறைந்தது. அவருக்குப் புதிய இதயம் பொருத்தவில்லை. இருந்த இதயத்தின் கால ஒழுங்கையே திருத்தினர். இதுவே பின்னர் சி.ஆர்.டி. எனப் பெயர் பெற்ற ஒத்திசைவுச் சிகிச்சை. காறை எலும்பின் கீழ்த் தோலுக்கடியில் ஒரு கருவி. அதிலிருந்து மூன்று கம்பிகள். ஒன்று வலது மேலறைக்கு. ஒன்று வலது கீழறைக்கு. மூன்றாவது இதயத்தின் சிரை வழியே சென்று இடக் கீழறையின் வெளிச்சுவருக்கு. இரு கீழறைகளையும் ஒருசேரத் தூண்டி அவற்றை மீண்டும் இணைந்து இயங்கச் செய்வதே இதன் நோக்கம்.

2005இல் வெளியான கேர்-எச்.எஃப். என்னும் ஐரோப்பிய ஆய்வு இதன் பயனை எண்ணிக்கையால் நிறுவியது. அதில் 813 நோயாளிகள் பங்கேற்றனர். சராசரியாக 29 மாதங்கள் கண்காணித்தபோது, மருந்து மட்டும் பெற்ற 404 பேரில் 120 பேர் இறந்திருந்தனர். மருந்தோடு கருவியும் பெற்ற 409 பேரில் 82 பேர் இறந்திருந்தனர். நூற்றுக்கு 30 என்பது நூற்றுக்கு 20 ஆயிற்று.

இக்கருவிக்கு இதயத்தின் மின்னியக்கம் மறுமொழி தரும் முறை வியப்புக்குரியது. முதல் மறுமொழி உடனே கிடைக்கிறது: கருவியை இயக்கிய முதல் துடிப்பிலேயே அலையின் வடிவம் மாறுகிறது, பயன்பெறுவோர் பலருக்கு அகலமும் குறைகிறது. இரண்டாவது மறுமொழி மெல்ல வருகிறது: மாதங்கள் செல்லச்செல்ல பருத்த இதயம் சுருங்குகிறது, கசிவு குறைகிறது, எக்கோ ஆய்வில் வெளியேற்றும் அளவு உயர்கிறது. மூன்றாவது மறுமொழியை இதயத்தின் நினைவாற்றல் எனலாம். நெடுநாள் ஒரு வழியில் துடிப்பூட்டப்பெற்ற இதயத்தில் கருவியைச் சற்று நிறுத்தினால், க்யூ.ஆர்.எஸ். அலை உடனே பழைய வடிவுக்குத் திரும்பும். ஆனால் அதனை அடுத்து வரும் டி அலையோ, கருவி பழக்கிய திசையையே பல நாட்கள், சில வேளை பல வாரங்கள் பற்றிக்கொண்டிருக்கும். அர்ஜென்டினாவின் மௌரிசியோ ரோசன்பாமும் அவர் குழுவினரும் 1982இல் இதனை 'இதய நினைவு' என்றே விளக்கினர். உயிரணுச் சுவரில் பொட்டாசியம் வெளியேறும் வாயில்கள் புதிய பழக்கத்திற்கேற்ப மாறுவது இதற்கு ஒரு காரணம். இதனை அறியாமல் அந்த டி அலையைக் காண்போர் புதிய மாரடைப்போ என ஐயுறக்கூடும். கருவி பொருத்தியோர் தம் பழைய இ.சி.ஜி. தாள்களைப் பேணி வைப்பதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இம்மேம்பாடு கருவியைச் சார்ந்தே நிற்பது. ஹாங்காங்கில் 25 நோயாளிகளுக்கு மூன்று மாதம் இச்சிகிச்சை அளித்து, பின் நான்கு வாரம் நிறுத்திப் பார்த்தனர். பெற்ற நன்மை படிப்படியாகக் குறைந்ததை 2002இல் அறிவித்தனர். ஆதலால் கருவி பொருத்தியபின் 'இனி மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை' என்று எண்ணுவது தவறு. நூறு துடிப்புகளில் 98க்கு மேற்பட்டவை கருவியின் வழியே நிகழ்ந்தால்தான் முழுப்பயன் கிட்டுகிறது. குறிப்பிட்ட காலத்தில் பரிசோதனைக்குச் சென்றால்தான் அந்த எண் தெரியவரும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். இச்சிகிச்சை பெற்றோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் எதிர்பார்த்த பயனை அடைவதில்லை. தசையில் தழும்பு மிகுந்திருப்பதும், கம்பி உரிய இடத்தில் அமையாததும் காரணங்களாகலாம். அலை அகலாத இதயத்திற்கோ இக்கருவி உதவுவதே இல்லை. 130 மில்லிநொடிக்குக் குறைந்த அலையுடைய 809 பேரிடம் நடந்த எக்கோ-சி.ஆர்.டி. ஆய்வு, பயனில்லை என இடையிலேயே நிறுத்தப்பெற்றது. 2013இல் முடிவு வெளியானபோது, கருவியை இயக்கியோரில் நூற்றுக்கு 11 பேரும், இயக்காதோரில் 6 பேரும் இறந்திருந்தமை தெரியவந்தது. ஒழுங்காக ஓடும் தேரை மீண்டும் இழுத்து ஒழுங்குபடுத்த முனைவது தீங்காகவே முடிந்தது. யாருக்கு வேண்டும் என்பதைப் போலவே யாருக்கு வேண்டாம் என்பதையும் அந்தத் தாளின் கட்டங்களே கூறுகின்றன.

இனி மதுரைக்கு வருவோம். மரம் சாய்ந்தது கொட்டாம்பட்டியில். மேலூருக்குத் தெற்கே சாலை நன்றாகவே உள்ளது. அவ்வாறாயின் வண்டியை மேலூரில் கொண்டுபோய் நெடுஞ்சாலையில் ஏற்றிவிட்டால் என்ன? இந்த எண்ணத்தை 2017இல் செயலாக்கிக் காட்டியவர் சீனாவின் வென்சோ நகர மருத்துவர் வெய்ஜியான் ஹுவாங். இடக் கிளை அடைப்பும் இதயத் தளர்ச்சியும் உடைய 72 வயது மூதாட்டிக்கு, வலக் கீழறையிலிருந்து மெல்லிய கம்பியை இடைச்சுவருக்குள் திருகிச் செலுத்தி, அடைப்பைக் கடந்த இடத்தில் இடக் கிளையையே அவரும் குழுவினரும் தூண்டினர். பலரிடம் அடைப்பு கிளையின் தொடக்கத்திலேயே அமைவதால், அதற்கு அப்பாலுள்ள இழைகள் பழுதின்றி இருக்கின்றன. இயற்கை அமைத்த நெடுஞ்சாலையிலேயே மின்குறிப்பு மீண்டும் செல்கிறது.

இம்முறையைத் தொடக்கத்திலேயே கைக்கொண்டு, தொடர்ந்து ஆய்வுகளை உலக இதழ்களில் வெளியிட்டுவருவோருள் ஒருவர், மதுரை அனுப்பானடியிலுள்ள வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதய மருத்துவர் சண்முகசுந்தரம் பொன்னுசாமி. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் கைசிங்கர் மருத்துவ நிறுவனத்தில் பணியாற்றும் புகழேந்தி விஜயராமன் இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர். இவ்விருவரும் 2021இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. சிலரிடம் இதயம் தளர்ந்ததனால் கிளை அடைபடவில்லை. கிளை அடைபட்டதனாலேயே இதயம் தளர்ந்தது. அத்தகையோர்க்கு இடக் கிளையைத் தூண்டிச் சீர்செய்தபோது இதயம் ஏறக்குறைய இயல்புநிலைக்கே மீண்டது என்பதே அதன் செய்தி. வயதின் தளர்ச்சி என்று ஒதுக்கப்பட்ட ஒன்று திருத்தக்கூடிய மின்பழுதாக இருக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2023இல் விஜயராமன் தலைமையில், மதுரை மருத்துவரும் பங்கேற்று வெளிவந்த ஆய்வு, 15 மையங்களைச் சேர்ந்த 1,778 நோயாளிகளைப் பற்றியது. இரு கீழறைத் தூண்டல் பெற்றோரிடம் துடிப்பூட்டிய அலையின் அகலம் சராசரியாக 144 மில்லிநொடி. இடக் கிளைப் பகுதித் தூண்டல் பெற்றோரிடம் 128. இறப்போ, இதயத் தளர்ச்சியால் மருத்துவமனையில் சேர்தலோ முன்னவரில் நூற்றுக்கு 28 பேர்க்கும், பின்னவரில் 21 பேர்க்கும் நேர்ந்தது. ஆயினும் இது சிகிச்சை பெற்றோரின் பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வே. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வன்று. அத்தகைய பெரும் ஆய்வுகளின் முடிவு வரும்வரை, நீண்ட சான்றுடைய மூன்று கம்பி முறையே முதலிடத்தில் வைக்கப்படுகிறது. எனினும் புதிய முறைக்கு வழக்கமான பேஸ்மேக்கரே போதுமாதலால் செலவு கணிசமாகக் குறைகிறது. நிலத்தை அடகு வைத்து மருத்துவம் செய்துகொள்ளும் குடும்பங்கள் உள்ள நாட்டில் இது சிறு செய்தியன்று.

கொட்டாம்பட்டியில் வாழ்வோர் இவற்றிலிருந்து கொள்ளத்தக்கது யாது? மூச்சிரைப்பும் கால்வீக்கமும் தோன்றினால் அதனை மூப்பின் கணக்கில் எழுதிவிடாது, ஓர் இ.சி.ஜி. எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மதுரைவரை செல்ல வேண்டியதில்லை. மேலூர் அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அத்தாளைக் காட்டி, 'அலை அகன்றிருக்கிறதா? இடக் கிளை அடைப்பு உண்டா?' என்ற இரு கேள்விகளை மருத்துவரிடம் பணிவுடன் கேட்கலாம். உண்டு என்றால் எக்கோ ஆய்வு தேவை. மருந்துகளை முறையாக மூன்று மாதமேனும் உட்கொண்ட பின்னும், இதயம் வெளியேற்றும் அளவு நூற்றுக்கு 35 அல்லது அதற்குக் கீழே நின்று, இடக் கிளை அடைப்போடு அலை 150 மில்லிநொடியை எட்டியிருந்தால், இச்சிகிச்சை பற்றி இதய மருத்துவரிடம் கலந்தறிய வேண்டும். பெண்களுக்குச் சற்றுக் குறைந்த அகலத்திலேயே பயன் கிட்டுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலின் அவர்கள் காத்திருக்கலாகாது. கருவி வந்தபின்னும் மருந்தை நிறுத்தலாகாது. காப்பீட்டுத் திட்டத்தில் எதற்கு எவ்வளவு கிட்டும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்னரே கேட்டறிதல் நலம்.

இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள தாத்தா, பாட்டியரின் இ.சி.ஜி. தாள்களை மருந்துச் சீட்டுகளோடு கசங்கவிடாதீர்கள். அவற்றில் சிலவகைத் தாள்கள் வெப்பத்தால் பதிவானவை, நாளடைவில் மங்கிவிடும். ஒரு படி எடுத்து, தேதியிட்டுக் கோப்பில் வையுங்கள். பழைய தாளும் புதிய தாளும் அருகருகே இருந்தால், அலை எப்போது அகலத் தொடங்கியது என்பது மருத்துவர் கண்ணுக்கு ஒரு நொடியில் புலப்படும். முதியோர்க்குச் செய்யும் தொண்டுகளில் இது பொருட்செலவில்லாதது. ஓர் உயிரின் காலத்தை நீட்டிக்கவும் வல்லது.